எண்ணூருக்கு வந்த ரங்கூன் செய்தி



கடல் கடந்த தமிழர் என்று தலைப்பு அமைந்துவிட்டால், பட்டினப்பாலையில் கப்பலேறிக் கடாரத்தில் இறங்கி, இராசேந்திர சோழனை வணங்கிவிட்டுத்தான் பேச்சாளர் பொருளுக்கு வருவார். அது மேடை மரபு. அந்த மரபுக்கு இன்று ஒருநாள் விடுமுறை அளிக்கலாம். இவ்வுரை தேடிச் செல்லும் இடம் மிக அருகில் இருக்கிறது. இராயபுரத்திலிருந்து வடக்கே காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் கடந்தால் எண்ணூர். அங்கே பர்மா நகர் என்றொரு பகுதி உண்டு. வியாசர்பாடியில் பி.வி. காலனி உண்டு. அந்த இரண்டு எழுத்துகள் பர்மாவையும் வியட்நாமையும் குறிப்பவை என்பதை அவ்வழியே நாள்தோறும் செல்வோரிலேயே பலர் அறியார். துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிப் பர்மா பஜார் இருக்கிறது. இம்மூன்று இடங்களிலும் ஓர் அயல்நாட்டின் அரசியல் செய்தி அரை நூற்றாண்டுக்கு மேலாக வீட்டுச் செய்தியாகவே கேட்கப்பட்டு வந்திருக்கிறது.

வரலாறு சுருக்கமானது. 1962 மார்ச் 2ஆம் நாள் பர்மாவில் தளபதி நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் வாணிபமும் சில்லறைக் கடைகளும்கூட அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. கடையும் போய், பெட்டியில் வைத்திருந்த பணமும் தாளாகிப் போனபின், தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கப்பல் ஏறினர். சேமிப்பையும் நகையையும் விட்டுவிட்டு வந்தவர்களே மிகுதி. அவ்வாறு தமிழகம் வந்தோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். அரசுக் கோப்புகள் அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிட்டன.

அந்தப் பெயரைக் கவிஞர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். திரும்புதல் என்றால் முன்பு புறப்பட்டிருக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுள் பெரும்பகுதியினர் எங்கிருந்தும் புறப்பட்டவர் அல்லர், பர்மாவிலேயே பிறந்தவர்கள். பாட்டன் ஊரின் பெயர் தெரியும். அவ்வூருக்குப் போகும் வழி தெரியாது. பர்மாவில் அவர்களைக் 'கலா' என்றழைத்தனர். இந்தியரைக் குறிக்கும் சொல் அது. சொல்பவர் குரலைப் பொறுத்து வசையாகவும் மாறும். இங்கே வந்தபின் 'பர்மாக்காரர்' ஆயினர். இரண்டு கரைகளிலும் மறுகரையின் பெயரால் அழைக்கப்பட்ட மக்கள் இவர்கள்.

வந்த காலமும் வாய்ப்பான காலம் அன்று. உலகுக்கே அரிசி அனுப்பிய நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள், தமிழகம் அரிசித் தட்டுப்பாட்டில் தவித்த ஆண்டுகளில் வந்து இறங்கினர். சென்னையே முன்னொரு காலத்தில் ரங்கூன் அரிசியை உண்டு வாழ்ந்த நகரம். அந்த அரிசியை உண்டவர்களும் அதனை ஏற்றுமதி செய்த நாட்டிலிருந்து வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றனர். 1965 சனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழகமெங்கும் பற்றி எரிந்தது. மொழிக்காக மாணவர் தெருவில் இறங்கிய அந்த நாள்களில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் பர்மிய மொழியும் பேசி வளர்ந்த பிள்ளைகள் தமிழகப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தனர். தமிழ் அரசியல் அதன் உச்சத்தில் இருந்தது. அவர்களோ அதன் பெயர்களை அப்போதுதான் எழுத்துக்கூட்டிக் கற்கத் தொடங்கியிருந்தனர்.

ஆயின் அவர்களுடைய பெற்றோர் அப்படியல்லர். தாய்நாட்டு அரசியலைத் தொலைவிலிருந்து பின்தொடர்தல் பர்மியத் தமிழருக்குப் பழகிய கலை. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்துக்கு மேல்; ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். சென்னையில் அச்சான செய்தித்தாள் கப்பலேறி மூன்று நான்கு நாள் பழசாகி ரங்கூனை அடையும். பழைய செய்தியைப் புதிய செய்தியாகப் படிக்கும் அந்த வழக்கம் ஒரு தனி மனநிலையை உருவாக்கியது. படிக்கும்போது நிகழ்ச்சி முடிந்துபோயிருக்கும். கைதானவர் விடுதலையாகியும் இருக்கலாம். வாசகனின் கோபமும் மகிழ்ச்சியும் எப்போதும் கப்பல் தூரம் பின்தங்கியே நடந்தன.

ரங்கூனிலேயே தமிழ் இதழ்கள் வெளிவந்தன. ஏ.கே. செட்டியார் அங்கே 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்தவர். 1932இல் ரங்கூன் சென்ற வெ. சாமிநாத சர்மா, 1937 முதல் 'ஜோதி'யை நடத்தினார். தமிழருக்கு உலக அரசியலைக் கற்பித்த எழுத்துகளுள் ஒரு பெரும்பகுதி சென்னையிலோ மதுரையிலோ எழுதப்படவில்லை. ஐராவதி ஆற்றின் நாட்டிலிருந்து எழுதப்பட்டது. இஃது ஏன் என்ற வினா எழ வேண்டும். ஊரில் இருப்பவனுக்கு அரசியல் என்பது தெரு, சாதி, தேர்தல், வாய்க்கால். அயலில் வாழ்பவனுக்கோ தன் நாடு ஒரு நிலப்படமாகத் தெரிகிறது. அதனருகே பிற நாடுகளும் தெரிகின்றன. சர்மாவின் எழுத்தில் காணும் தெளிவு தொலைவு தந்த தெளிவு.

தொலைவுக்கு மறுபுறமும் உண்டு. 1930 ஏப்ரலில் இராசாசி வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை சென்றார். ரங்கூன் தமிழர் அச்செய்தியை எத்துணை ஆவலோடு படித்திருப்பர் என்று கூற வேண்டியதில்லை. அடுத்த மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்திலேயே கலவரம் மூண்டது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளருக்கு மாற்றாகப் பர்மியத் தொழிலாளர் அமர்த்தப்பட்டதும், பின்னர் அவர்கள் கைவிடப்பட்டதும் அதன் உடனடிக் காரணங்கள். இந்தியத் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் சாயா சானின் உழவர் கிளர்ச்சி எழுந்தது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1938இல் மீண்டும் கலவரம். அந்த ஆண்டுகளில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நிலத்தின் கால்பகுதி செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்திருந்தது. கடலுக்கு அப்பால் எரிந்த உப்புக் காய்ச்சும் அடுப்பு தெளிவாகத் தெரிந்த அளவுக்கு, தாம் நின்ற வயலில் புகைந்த தீ பலருக்குத் தெரியவில்லை. தாய்நாட்டுச் செய்தியில் ஆழ்ந்திருப்பவன் தன் வாசலில் நிற்கும் அண்டை வீட்டானின் முகக்குறிப்பைப் படிக்கத் தவறுவான். புலம்பெயர்ந்தோரின் தாயகப் பற்றைப் பாடும் கவிதைகள் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. பற்று மட்டும் பாடுபொருளாகிறது. பற்றின் விலை கணக்கில் வருவதில்லை.

1964க்குப் பின் இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. செய்தி வரும் திசை மாறியது. ரங்கூனில் இருந்து சென்னைச் செய்தியைப் படித்தவர்கள், எண்ணூரில் இருந்து ரங்கூன் செய்தியைத் தேடினர். தேடினர் என்பதே பொருத்தமான சொல். தமிழ் நாளேடுகளில் பர்மா அருகியே வந்தது. அங்கே தனியார் செய்தித்தாள்கள் 1966 அளவில் தடைப்பட, தமிழ் அச்சும் ஓய்ந்தது. எஞ்சியவை இரண்டு: கடிதமும் வானொலியும்.

இராணுவ ஆட்சியின் கீழிருந்து வரும் கடிதத்தில் அரசியல் இராது. நலம், நலமறிய அவா, மகளுக்குத் திருமணம், அரிசி விலை. ஆனால் பெறுபவர் அரசியலை அங்கேதான் படித்தார். அரிசி விலை அரசியல். மகன் ஊரில் இல்லை என்ற ஒரு வரி அரசியல். நெடுநாள் கடிதம் வராமை எல்லாவற்றினும் பெரிய அரசியல். குறிப்புப் பொருளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துவோர் இத்தகைய கடிதங்களைப் பாடநூலாக வைக்கலாம்.

வானொலி வேறு வகை. பி.பி.சி.யின் பர்மிய ஒலிபரப்பு 1940இல் தொடங்கியது. தமிழ் ஒலிபரப்பு 1941இல். ஈழத்திலிருந்து வந்தோர் தமிழோசைக்காக வானொலியின் முள்ளைத் திருப்பியதைப் பலர் எழுதியுள்ளனர். அதே நகரத்தில், பர்மிய மொழி ஒலிபரப்புக்காக முள்ளைத் திருப்பிய தமிழ் வீடுகளைப் பற்றி எழுதியவர் அரியர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பர்மா பஜார் 1960களின் இறுதியில் உருவானபின் அயல்நாட்டு வானொலிப் பெட்டிக்குப் பெயர் பெற்ற இடமாயிற்று. ஊரார் திரைப்பாட்டுக்கு வாங்கிச் சென்ற பெட்டி, விற்றவருக்கு ரங்கூனை எட்டும் வழி.

இந்தச் செய்திகள் எத்தகைய வாழ்வின் நடுவே வந்து விழுந்தன என்பதும் காணத்தக்கது. எண்ணூர் அன்று தொழிற்சாலைச் சங்குகளின் ஊர். அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., 1970 முதல் எண்ணூர் அனல் மின்நிலையம். முறைவேலைக்குச் செல்வோர், ஒப்பந்தக் கூலிகள், கடலோரத்தில் மீனவர். காயப்போட்ட துணியில் சாம்பல் படியும். கடற்காற்றில் மீன்வாடையோடு இரசாயன நெடியும் வரும். மாலையில் அத்தோ கடையில் கூட்டம். இடியாப்பத்தை நிகர்த்த அகன்ற நூடுல்ஸ், வறுத்த வெங்காயம், புளிநீர், வாழைத்தண்டுச் சாறு, அருகே மொய்ங்கா. 'தோ' என்பது கலத்தலைக் குறிக்கும் பர்மியச் சொல்லின் சிதைவு. கையால் பிசைந்து கலக்கும் அந்தப் பெயர் அந்த மக்களுக்கே பொருந்தும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அத்தகைய எளிய உவமைகள் மேடையில் கைதட்டல் பெறுமேயன்றி அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லா. கடை வைத்தவருக்கு அது பண்பாட்டுக் கலப்பு அன்று. கையில் காசின்றி இறங்கிய குடும்பத்துக்கு, முதலீடு குறைவாகத் தேவைப்பட்ட, தெரிந்த ஒரே தொழில்.

இந்த அன்றாடத்துக்குள் செய்தி நுழைந்தது. 1982 அக்டோபரில் பர்மாவின் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1823க்கு முன்பே அந்நாட்டில் வேர்கொண்ட இனங்களுக்கு முழுக் குடியுரிமை, பிறருக்குப் படிநிலைகள். தில்லியில் அது வெளியுறவுத் துறையின் கோப்பு. எண்ணூரில் அது, அங்கேயே தங்கிவிட்ட தமக்கை இனி எந்தப் படியில் நிற்பாள் என்ற கேள்வி. 1985இலும் 1987 செப்டம்பரிலும் மீண்டும் நோட்டுகள் செல்லாமற் போயின. இரண்டாம் முறை மாற்றீடும் இல்லை. புதிதாக வந்தவை நாற்பத்தைந்தும் தொண்ணூறும் மதிப்புள்ள விந்தை நோட்டுகள். 1964ஐக் கண்டவர்களுக்கு இது விளங்கிய மொழி. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என்ற அறிவிப்பு இந்தியாவில் வந்தபோது, நாடு திகைத்தது. ரங்கூனில் வாழ்ந்து முதிர்ந்தவருக்கோ அது வாழ்வில் இரண்டாம் முறை.

1988 ஆகஸ்டு 8. நான்கு எட்டுகள் கூடிய அந்த நாளில் ரங்கூனில் எழுந்த பெருங்கிளர்ச்சி, துறைமுகத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறியதில் தொடங்கிற்று என்பர். சென்னைத் துறைமுகத்தின் நிழலில் வாழ்ந்தவர்க்கு இச்செய்தி இருமடங்கு நெருக்கமானது. செப்டம்பர் 18இல் இராணுவம் மீண்டும் நேரடியாக ஆட்சியேற்றது. 1990 மே தேர்தலில் ஆங் சான் சூ சியின் கட்சி பெருவெற்றி பெற்றும் ஆட்சி கிடைக்கவில்லை. அவரோ 1989 முதல் வீட்டுக்காவலில். அவருடைய தாயார் இந்தியாவில் பர்மியத் தூதராக இருந்தவர். அவர் தில்லியில் பயின்றவர். அவர் தந்தை ஆங் சான் 1947 ஜூலையில் சுடப்பட்டபோது ரங்கூனில் சிறுவராக இருந்தவர்கள் சிலர் 1991இல் வடசென்னையில் முதியவராக அமர்ந்து, மகளுக்கு நோபல் பரிசு கிடைத்த செய்தியைக் கேட்டிருப்பர். அவர்களுக்கு அப்பெயர் உலக அரசியல் அன்று. தெருவில் வளர்ந்த பெண்ணின் பெயர் போன்றது.

'பராசக்தி'யை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1952இல் வந்த அப்படத்தின் குணசேகரன் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவன். போர்க்காலத்தில் ஒருவனுக்கே பயணச் சீட்டு. வந்து இறங்கியவனைச் சென்னை ஏமாற்றிப் பித்தனாக நடிக்க வைக்கிறது. நீதிமன்றக் காட்சியைத் தமிழகம் மனப்பாடம் செய்தது. அக்கதையில் ரங்கூன் இருந்ததைத் தமிழகம் மறந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் குணசேகரன்கள் இலட்சக்கணக்கில் வந்து இறங்கியபோது, அவர்களை அடையாளம் காண அந்தப் படம்கூட உதவவில்லை.

தமிழ் இலக்கியம் பர்மாவை அறவே மறந்தது என்று கூறுதல் பிழை. போர்க்காலத் தென்கிழக்காசியத் தமிழரின் அலைச்சலுக்குப் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. 1942இல் சப்பானியர் முன்னேற, சுமார் நான்கைந்து இலட்சம் இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினர். மலைவழிகளில் மாண்டோர் பல்லாயிரவர். அந்த நடையைச் சாமிநாத சர்மா 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதி வைத்தார். மிகைச்சொல் இல்லாத நூல் அது. காலில் கொப்புளம், கையில் காசு, அடுத்த முகாமுக்கு எத்தனை கல். அந்தத் தாழ்ந்த குரலே நூலின் வலிமை.

அன்று மக்கள் நடந்த முதன்மையான வழிகளுள் ஒன்று தாமு வழியாக மணிப்பூருக்குள் நுழைவது. இருபத்தைந்து ஆண்டுகள் கழியுமுன் அதே வழியில் ஒரு தலைகீழ் நடை நிகழ்ந்தது. 1960களில் தமிழகம் வந்தவர்களுள் சிலர், இங்கே பிழைக்க வழியின்றி, மீண்டும் பர்மாவுக்கே போய்விடுவது என்று வடகிழக்கே சென்றனர். எல்லையில் தடுக்கப்பட்டனர். முன்னும் செல்ல இயலாமல், பின்னும் வர மனமில்லாமல், மணிப்பூரின் எல்லை ஊராகிய மோரேயில் தங்கினர். இன்று அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் உள்ளன. எதிரே கண்ணுக்கெட்டும் தொலைவில் தாமு. முதல் நடைக்குச் சர்மாவின் நூல் உண்டு. உயிர்தப்பத் தாயகம் நோக்கி நடந்ததால் அது தேசிய வரலாற்றோடு ஒத்துப்போயிற்று. தாயகத்தைவிட்டு அயல்நாட்டை நோக்கி, வீடு திரும்புவதாக எண்ணி நடந்த இரண்டாவது நடையைத் தமிழ்க் கவிதை எந்தப் பெட்டியில் வைப்பது?

பெட்டி என்று சொல்லக் காரணம் உண்டு. 1983க்குப் பின் 'புலம்பெயர் இலக்கியம்' என்ற பெயர் நிலைபெற்றது. பாரிசு, தொராந்தோ, இலண்டன் என்று அதன் நிலப்படம் விரிந்தது. ஈழத்துக் கவிஞர்கள் அதற்குத் தந்த ஆழம் தமிழ்க் கவிதையின் பெரும்பேறு. ஆயின் அப்பெயர் பனி பெய்யும் நகரங்களை மட்டும் குறிக்கும் பெயராகச் சுருங்கியதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. தமிழ் பேசும் நகரத்திலேயே, தமிழராகவே, அயலாராக வாழ்ந்தவரின் செய்திப்பசி அதனுள் வரவில்லை. அவர்களுக்கு மொழித்தடை இல்லை, குளிர் இல்லை, கடவுச்சீட்டுச் சிக்கல்கூட இல்லை. கவிதைக்கு எளிதில் கைகொடுக்கும் துயரக் கருவிகள் எவையும் அவர்களிடம் இல்லை. அதனாலேயே அவர்களை எழுதுவது கடினம். அதனாலேயே எழுதத் தகுந்தது.

தொலைநாட்டில் ஒரு கொடுமை நிகழ்ந்தால் ஒரு வாரத்துக்குள் கவிதை வெளிவரும் காலம் இது. அக்கவிதைகளின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அவை செய்தியை நடுவில் வைத்துச் சுற்றி உணர்ச்சியை அடுக்குகின்றன. செய்தி உண்மையில் அப்படி வருவதில்லை. இரவு முறைவேலைக்குச் சோறு கட்டும்போது வருகிறது. தண்ணீர் லாரி வந்துவிட்டதால் பாதியில் விடப்படுகிறது. அடுத்த நாள் பேருந்தில் நினைவுக்கு வருகிறது. அதற்குள் அதில் பாதி தவறாகியிருக்கிறது. யாரிடமும் சொல்ல இயலாது, ஏனெனில் அருகில் அமர்ந்திருப்பவருக்கு மாந்தலே என்பது ஒரு சிறையின் பெயராக மட்டுமே தெரியும். இந்த இடையீடுகளோடு எழுதப்பட்ட கவிதை எண்ணூரின் கவிதையாக இருக்கும்.

2021 பிப்ரவரி 1இல் மியன்மாரில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. 2022 ஜூலையில், மோரேயிலிருந்து எல்லை கடந்து தாமு சென்ற தமிழ் இளைஞர் இருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட இனக்கலவரம் மோரேயையும் எட்டியது. எண்ணூரிலோ 2017இல் அனல் மின்நிலையம் மூடப்பட்டது; 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்தது; அம்மாத இறுதியில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளைவிட்டு ஓடினர். ஒரே குடும்பத்தின் கைப்பேசியில் இவ்வெல்லாம் அடுத்தடுத்து வந்தன. கப்பல் தூரம் இப்போது இல்லை. ஆயினும் முதியவர் கேட்கும் செய்தியும் பேரப்பிள்ளை கேட்கும் செய்தியும் வெவ்வேறு.

2021 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு ரங்கூனில் மக்கள் வீடுகளின் சன்னலோரம் நின்று பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பினர்; அடுத்தடுத்த இரவுகளிலும் தட்டினர். தீய ஆவியை ஊரைவிட்டு ஓட்ட அப்படித் தட்டுவது பர்மியர் வழக்கம். வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தட்டைத் தட்டுவதென்றால் 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை நோய்த்தொற்றுக் காலத்தில் நாடே தட்டியதுதான் நினைவுக்கு வரும். அந்த ஒலி எதற்கென்று அவர்களுக்குச் சொல்லக்கூடியவர்கள் பர்மா நகரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.